முதல் மூன்று சம்பளச் சீட்டுகள்

ஆகஸ்டு மாதச் சம்பளம் வந்த மறுநாள் இந்தக் கேள்வி தவறாமல் என்னிடம் வந்துவிடும்.

"அண்ணாச்சி, போன மாசத்தவிட ஆயிரத்து இருநூத்தம்பது ரூவா கொறயுது. ஆபீஸ்ல கேட்டா எல்லாருக்கும் அப்படித்தான்னு சொல்லுதாங்க."

கேட்பவர் பெரும்பாலும் நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளையாக இருப்பார். காலை ரயிலில் திருவனந்தபுரம் வந்து தம்பானூரில் இறங்கி, உட்கார இடம் கிடைக்குமே என்று கிழக்கேகோட்டை வரை நடந்து, அங்கே கழக்கூட்டம் பஸ் ஏறி டெக்னோபார்க் போகிறவர். ஜூன் பாதியில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். ஜூனில் அரை மாதச் சம்பளம், ஜூலையில் முழுச் சம்பளம், ஆகஸ்டில் கொஞ்சம் குறைவு. மூன்று மாதமும் மூன்று தொகை. வீட்டில் அப்பா கேட்டால் சொல்வதற்குப் பதில் இல்லை.

சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதியே என் வயசு போயிற்று. துணிக்கடை, பாத்திரக்கடை, மளிகை மொத்த வியாபாரம் என்று எத்தனையோ கடைகளுக்குச் சம்பளப் பட்டியல் போட்டிருக்கிறேன். கேட்டு வருகிற பிள்ளைகளிடம் முதலில் சொல்வது ஒன்றுதான். பேங்கிலிருந்து வரும் மெசேஜைப் பார்த்துச் சம்பளத்தைக் கணக்குப் பண்ணாதீர்கள், பேஸ்லிப்பை எடுங்கள். அதில் பிடித்தம் என்று இருக்கும் ஒவ்வொரு வரியும் வேறு வேறு இடத்துக்குப் போகிறது. ஒன்று மாநகராட்சிக்கு, ஒன்று மத்திய அரசுக்கு. இன்னொன்று உங்கள் பெயரிலேயே இருக்கும் கணக்குக்கு. மூன்றையும் "புடிச்சிட்டாங்க" என்று ஒரே சொல்லில் சேர்ப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

இந்த அத்தியாயத்தில் வரும் வரி விகிதங்கள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை.

தொழில் நிகுதி

ஆகஸ்டில் குறைந்த அந்த 1,250 ரூபாய் தொழில் வரி. கேரளத்தில் நோட்டீசிலும் ரசீதிலும் "தொழில் நிகுதி" என்று மலையாளத்தில் இருக்கும். இது மாதா மாதம் வருவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. முதலாவதற்கு ஆகஸ்டிலும் இரண்டாவதற்குப் பிப்ரவரியிலும் நிறுவனங்கள் பிடித்து உள்ளாட்சிக்குக் கட்டுகின்றன. கிழக்கேகோட்டைக் கடைகள் என்றால் திருவனந்தபுரம் மாநகராட்சிக்கு.

அரையாண்டு வருமானம் 1,25,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் 1,250. அதற்குக் கீழே அடுக்கடுக்காகக் குறையும். 2024 அக்டோபரில் கீழ் அடுக்குகளின் தொகையைக் கூட்டினார்கள், மேல் அடுக்கு அப்படியே நின்றது. நின்றதற்குக் காரணம் அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு. ஒருவரிடம் வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்பது அதில் உள்ள வரம்பு. ஆகவே நீங்கள் மாதம் ஐம்பதாயிரம் வாங்கினாலும் இரண்டு லட்சம் வாங்கினாலும் இந்த வரி ஒரே தொகைதான்.

அரையாண்டில் மொத்தம் அறுபது நாளாவது வேலையில் இருந்தால்தான் இந்த வரி உண்டு. ஆகஸ்டு கடைசியில் சேர்ந்தவருக்குச் செப்டம்பருக்குள் அறுபது நாள் ஆகாது. அவரிடம் பிடித்திருந்தால் கேளுங்கள். கேரளத்துக்குள்ளேயே வேறோர் அலுவலகத்திலிருந்து மாறி வந்து, அதே அரையாண்டுக்கு அங்கே ஏற்கெனவே கட்டியிருந்தால் அந்த ரசீதைப் புது ஆபீசில் காட்டுங்கள். "நான் நாகர்கோவில்காரன், எனக்கெதுக்குத் திருவனந்தபுரத்து வரி?" என்று சிலர் கேட்பதுண்டு. வீடு எங்கே என்று இந்த வரி பார்ப்பதில்லை, வேலை எங்கே என்றுதான் பார்க்கிறது.

சொன்ன சம்பளமும் கைக்கு வருவதும்

வேலைக்கு எடுக்கும்போது சி.டி.சி. என்று ஒரு பெரிய தொகை சொல்வார்கள். உங்களுக்காக நிறுவனம் செலவிடும் எல்லாம் அதில் அடக்கம். வருடம் 6 லட்சம் என்றால் மாதம் 50,000 கைக்கு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வீடு வாடகைக்குப் பேசிவிட்டு, பிறகு தவித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த 50,000ஐப் பிரித்துப் பார்ப்போம். பேசிக் 25,000 என்று வையுங்கள். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 3,000. பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு என்று பேசிக்கில் 4.81 சதவீதம், சுமார் 1,202. இரண்டும் சி.டி.சி.யில் உண்டு, பேஸ்லிப்பின் மொத்தச் சம்பளத்தில் வராது. மீதி 45,798. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 3,000 போனால் 42,798. ஆகஸ்டில் தொழில் வரியும் போனால் 41,548. வருமான வரி ஒரு ரூபாய்கூட இல்லாமலேயே இவ்வளவு இறங்குகிறது. ஆஃபர் லெட்டர் வந்த அன்றே இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பி.எஃப்., அதற்குள்ளே பென்ஷன்

பேசிக்கும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்த தொகையில் 12 சதவீதம் உங்களிடம் பிடிக்கிறார்கள். நிறுவனம் இன்னொரு 12 சதவீதம் போடுகிறது. உங்கள் 12 முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போகிறது. நிறுவனத்தின் 12 இரண்டாகப் பிரியும். 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்கு, மீதி 3.67 பி.எஃப்.புக்கு. பென்ஷனுக்குப் போகும் பங்குக்கு மட்டும் ஓர் உச்சவரம்பு: ஊதியம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய் என்றே கணக்கு. அதனால் மாதம் 1,250க்கு மேல் பென்ஷனுக்குப் போகாது. 2014 செப்டம்பர் 1 முதல் இருக்கும் வரம்பு இது.

வேலை மாறும்போது பி.எஃப். தொகை ஏன் மாறுகிறது என்பதற்கும் இங்கேதான் விடை. சில நிறுவனங்கள் அந்த 15,000க்கு மட்டுமே 12 சதவீதம் கணக்கிடும். அங்கே 1,800 ரூபாய்தான் பிடித்தம். சில நிறுவனங்கள் முழு பேசிக்குக்கும் கணக்கிடும். பேசிக் 30,000 என்றால் 3,600. பழைய இடத்தில் 1,800 போன பிள்ளை புது இடத்தில் 3,600 போவதைப் பார்த்துப் பதறுகிறது. பதற வேண்டாம், நிறுவனமும் தன் பங்குக்கு 3,600 போடுகிறது. 2024-25க்கு இந்தப் பணத்துக்கு வட்டி 8.25 சதவீதம். சின்ன வயதில் இதைவிட நல்ல சேமிப்பை நான் யாருக்கும் காட்டியதில்லை.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே எண்ணப்படும் என்கிறது அவற்றின் விதி. பேசிக்கைச் சிறிதாக வைத்துப் படிகளைப் பெரிதாக்கும் பழக்கத்துக்கு இது ஒரு கடிவாளம். உங்கள் பேஸ்லிப்பில் பேசிக் திடீரென்று கூடியிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இனி பென்ஷன். எல்லோரும் தவறவிடுவது இதைத்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

2014 செப்டம்பர் 1க்குப் பிறகு முதன்முறையாகப் பி.எஃப்.பில் சேர்கிறவர், சேரும்போதே 15,000க்கு மேல் ஊதியம் வாங்கினால், பென்ஷன் திட்டத்தில் அவருக்கு இடம் கிடையாது. நிறுவனத்தின் 12 சதவீதமும் அப்படியே பி.எஃப்.புக்குப் போய்விடும். பாஸ்புக்கில் உங்கள் பங்கு, நிறுவனப் பங்கு, பென்ஷன் பங்கு என்று மூன்று பத்திகள் இருக்கும். இப்படிப்பட்டவருக்கு மூன்றாவது பத்தி பூஜ்யமாக இருப்பதுதான் சரி.

ஆனால் முதல் வேலையில் 10,000, 12,000 என்று தொடங்கிப் பென்ஷன் திட்டத்தில் சேர்ந்தவர், பிறகு 40,000 சம்பளத்துக்குப் போனாலும் பென்ஷன் உறுப்பினர்தான். மாதம் 1,250 அந்தப் பத்தியில் விழ வேண்டும். என் தங்கை மகளுக்கு விழவில்லை. 2013இல் ஒரு சின்னக் கம்பெனியில் 9,000 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தவள், நாலு வருடம் கழித்து இங்கே ஒரு பெரிய நிறுவனத்துக்கு மாறினாள். சேரும்போது நிரப்பும் படிவம் 11இல், முன்பு பென்ஷன் திட்டத்தில் இருந்தீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. அவசரத்தில் யாரோ "இல்லை" என்று குறித்துவிட்டார்கள், அவளும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஏழு வருடம் மூன்றாவது பத்தி காலி. பணம் எங்கும் போய்விடவில்லை, பி.எஃப்.பில்தான் சேர்ந்திருந்தது. ஆனால் பென்ஷனுக்கான ஏழு வருட சர்வீஸ் கணக்கில் இல்லை. அதைத் திருத்த நிறுவனத்தின் கடிதம், பழைய சம்பள விவரம், பணத்தை வட்டியோடு ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலை என்று பட்டத்தில் இருக்கும் பி.எஃப். ஆபீசுக்கு அவளோடு எத்தனை தடவை போனேன் என்று எனக்கே நினைவில்லை. கிழக்கேகோட்டையிலிருந்து ஒரே பஸ்தான். ஆனால் ஒரு டிக் மார்க்குக்காக அத்தனை நாள் லீவு போட்டாள் அவள். படிவம் 11ஐ நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

பென்ஷன் எவ்வளவு வரும்? ஊதியத்தை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய், பத்து வருடம் என்றால் மாதம் சுமார் 2,143. முப்பத்தைந்து வருடம் என்றால் 7,500. பெரிய தொகை இல்லை, உண்மைதான். முழு ஊதியத்துக்குப் பென்ஷன் வேண்டும் என்று தொழிலாளர்கள் நடத்திய வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொல்லி, அது உச்ச நீதிமன்றம் வரை போய் 2022 நவம்பர் 4இல் முடிந்தது. அதனால் வந்த வாய்ப்பு பழைய உறுப்பினர்களுக்குத்தான், இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இல்லை. என்றாலும் 58 வயதுக்குப் பிறகு சாகும் வரை வரும் வருமானம், நமக்குப் பிறகு துணைக்கும் வரும் வருமானம். அதைச் சின்னது என்று தள்ள எனக்கு மனம் வராது.

குறைந்தது பத்து வருட சர்வீஸ் வேண்டும். வேலை மாறும்போதெல்லாம் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு: அந்தப் பணத்தை எடுத்துவிட்டு 15,000க்கு மேல் சம்பளத்தில் வேறு வேலைக்குச் சேர்ந்தால், திட்டத்துக்குள் திரும்ப வரும் வழியே அடைபட்டுவிடும். ஐந்து வருடம் தொடர் சர்வீஸ் ஆகுமுன் பி.எஃப்.பை எடுத்தால் அதற்கு வருமான வரியும் உண்டு. 50,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் கொடுக்கும்போதே 10 சதவீதம் பிடித்துவிடுவார்கள். பழைய கணக்கைப் புதியதுக்கு மாற்றிக்கொண்டால் இரண்டு இடத்து சர்வீசும் சேர்ந்தே அந்த ஐந்து வருடத்தில் எண்ணப்படும். அதனால் எல்லா வேலைக்கும் பொதுவான பி.எஃப். எண்ணான யு.ஏ.என். ஒன்றே இருக்கட்டும். புது ஆபீசில் புதிதாக ஒன்று எடுத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று பழைய எண்ணைக் கொடுங்கள்.

இ.எஸ்.ஐ.

சாலைக் கடைத்தெருவில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இந்த மருத்துவக் காப்பீடு முக்கியம். சம்பளம் 21,000 வரை இருந்தால் உங்களிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். 19,500 வாங்குபவருக்கு 147 ரூபாய். ஜூலையில் சம்பளம் 21,500 ஆகிவிட்டால் உடனே நிற்காது, செப்டம்பர் வரை பிடிப்பார்கள், அக்டோபரில்தான் நிற்கும். அது தவறில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உண்டு. பிடித்தம் நின்றுவிட்டது என்று கார்டைத் தூக்கிப் போட்டவர், மார்ச்சில் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். கடை ஊழியர்களுக்குக் கேரளத்தில் தனியாக ஒரு நல நிதியும் இருக்கிறது. பேஸ்லிப்பில் அந்த வரி இருந்தால் உறுப்பினர் எண்ணைக் கேட்டு வாங்கிவையுங்கள்.

வருமான வரி: வேலை மாறிய வருடம்

நிறுவனம் உங்கள் வருட வருமானத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு, வரும் வரியை மீதி மாதங்களுக்குப் பிரித்துப் பிடிக்கிறது. மதிப்பீடு மாறினால் பிடித்தமும் மாறும். போனஸ் வந்தால் கூடும். பழைய, புதிய என்று இருக்கும் இரண்டு வரி முறைகளில் பழையதைத் தேர்ந்தெடுத்தவர் ஜனவரியில் வாடகை ரசீதும் காப்பீட்டு ரசீதும் கொடுக்காவிட்டால் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் பெரிய துண்டு விழும். எந்த முறை என்று நீங்கள் சொல்லாவிட்டால் புதிய முறைதான்.

புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. பிறகு ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30. சம்பளக்காரருக்கு 75,000 நிலைக்கழிவு. கழித்த பிறகு 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி போக வரியே இல்லை. அதாவது சம்பளம் 12,75,000 வரை.

டிசம்பரில் மாதம் 1,20,000 சம்பளத்துக்குச் சேர்ந்த புதுப் பட்டதாரிக்கு மார்ச் வரை வரி பூஜ்யம், ஏனென்றால் அந்த வருட வருமானம் 4,80,000 மட்டும். அதே விகிதம் நீடித்தால் ஏப்ரலில் மாதம் 7,345 ரூபாய் பிடித்தம் தொடங்கும். சம்பளம் மாறவில்லை, வருடம்தான் மாறியது.

உண்மையான பொறி வருட நடுவில் வேலை மாறுவதில் இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓரிடத்தில் 7 லட்சம் வாங்கினார் ஒருவர். அங்கே வருடத்துக்கு 14 லட்சம் என்று மதிப்பிட்டு ஆறு மாதத்தில் 40,950 பிடித்தார்கள். அக்டோபரில் புது வேலை, மாதம் 1,50,000. புது நிறுவனம் தன்னிடம் வரும் 9 லட்சத்தை மட்டும் பார்த்தது. தள்ளுபடிக்குள் வருகிறது, எனவே வரி இல்லை. பிள்ளைக்குச் சந்தோஷம். ஆனால் வருட மொத்தம் 16 லட்சம். அதற்கான வரி செஸ்ஸோடு 1,13,100. பாக்கி 72,150. ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்ய உட்காரும்போதுதான் தெரியவரும், மாதம் 1 சதவீத வட்டியும் சேர்ந்து.

நிலைக்கழிவையும் தள்ளுபடியையும் இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே கொடுத்துவிட்டன. சட்டம் ஒரு தடவைதான் கொடுக்கிறது. இதைத் தவிர்க்க வழி, 2025-26இல் படிவம் 12பி. பழைய இடத்துச் சம்பளத்தையும் அங்கே பிடித்த வரியையும் அதில் எழுதிப் புது ஆபீசில் கொடுக்க வேண்டும். சேர்ந்த அக்டோபரிலேயே கொடுத்தால் மாதம் 12,025 பிடிப்பார்கள். ஜனவரியில் கொடுத்தால் மாதம் 24,050. பிடித்தம் திடீரென்று இவ்வளவு கூடுகிறதே என்று தோன்றும். கூடுவதுதான் நல்லது.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் வருடச் சட்டத்துக்குப் பதில் 2025ஆம் வருட வருமான வரிச் சட்டம்தான் நடைமுறை. பிரிவு எண்கள் வேறு. முந்தைய சம்பளத்தைப் புது நிறுவனத்திடம் சொல்ல வேண்டிய தேவை மாறாது.

அரசு வேலை கிடைத்தவர்களுக்கு

கேரள அரசில் 2013 ஏப்ரல் 1க்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை, பங்களிப்புப் பென்ஷன்தான். பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்ததில் 10 சதவீதம் பிடிப்பார்கள். மத்திய அரசில் அந்த எல்லை 2004 ஜனவரி 1, தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1. டி.ஏ. கூடும் மாதம் பிடித்தமும் கூடும். கேரள ஊழியர்களுக்கு மெடிசெப் என்ற மருத்துவக் காப்பீடும் உண்டு, 2022 ஜூலையில் தொடங்கியபோது மாதம் 500 ரூபாய்.

பெயரும் இனிஷியலும்

நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து. பான் கார்டில் அப்பாவின் முழுப் பெயர். பள்ளிச் சான்றிதழில் அதே எழுத்து முன்னால். இங்கே ஆபீசில் எதையாவது ஒன்றைக் கடைசிப் பெயர் என்று போட்டுக்கொள்வார்கள். யு.ஏ.என்.னில் உள்ள பெயர் ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால் கணக்கு மாற்றமும் நடக்காது, பணமும் எடுக்க முடியாது. பான் எண் கொடுக்காவிட்டாலோ, ஆதாரோடு இணைக்காமல் அது செயலற்றுப் போயிருந்தாலோ சம்பளத்தில் 20 சதவீதம் வரி பிடிக்க இடமிருக்கிறது. சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்த மூன்றையும் மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய இடத்தை விட்டு வரும்போது கடைசிப் பேஸ்லிப், வேலையை விட்ட தேதி யு.ஏ.என்.னில் ஏறியிருக்கிறதா என்ற உறுதி, பிறகு வரிப் பிடித்தச் சான்று (2025-26 வரை படிவம் 16), இவற்றைக் கேட்டு வாங்குங்கள். விட்ட தேதி ஏறாவிட்டால் கணக்கு மாற்றம் நின்றுவிடும்.

பிடித்த பணத்தை நிறுவனம் கட்டியதா என்பதையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு மாதத்துப் பி.எஃப்.பை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இருபதாம் தேதி வாக்கில், கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, யு.ஏ.என்.னில் பதிந்த செல்போனிலிருந்து 9966044425க்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். கடைசியாக விழுந்த தொகையும் மொத்த இருப்பும் மெசேஜாக வரும். இரண்டு மாதம் அந்தத் தொகை அசையாமல் இருந்தால், பேஸ்லிப்பையும் எடுத்துக்கொண்டு அன்றைக்குப் பட்டம் பஸ்ஸில் ஏறுங்கள்.